புதுப்பிப்பு: தொலைநோக்கியில் வியாழன் நெளிந்து தெரிந்த பிரச்சினை தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நான் கேட்டிருந்தது இதுதான்: 6 அங்குல ஆடித் தொலைநோக்கியில் நிலா நன்றாகத் தெரிகிறது, ஆனால் 150 மடங்கில் வியாழன் மட்டும் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் நெளிகிறது, அதன் மேகப் பட்டைகளே தெரியவில்லை, ஏன்?

ஆடிகள் நேராக இருக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னதை முதலில் செய்தேன். பிரகாசமான ஒரு விண்மீனை வேண்டுமென்றே ஃபோகஸ் கலைத்துப் பார்த்தால், வளையங்கள் ஒரே மையத்தில் இருந்தன. சரி, கோளாறு அங்கே இல்லை. ஆனால் அந்த வட்டத்துக்குள் புகை மாதிரி ஏதோ ஏறிக்கொண்டே இருந்தது. வீட்டுச் சூட்டோடு வந்த ஆடி, குளிர்ந்த இரவுக் காற்றைச் சூடாக்கிக் குழாய்க்குள் கிளப்பிவிடுகிறது!

ஆக, "வெளியே வைத்து ஆறவிடுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் நடுவில் இரண்டு பழுப்புப் பட்டைகள், தெளிவாக. புது ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) வாங்கும் செலவு மிச்சம்.

எதிர்பாராதது ஒன்று: நான்கு பெரிய நிலாக்களில் ஒன்று, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வியாழனை ஒட்டிப்போய்க் காணாமல் போனது. ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபட மென்பொருளில் தேடினால், அது அயோ. வியாழனுக்குப் பின்னால் போயிருக்கிறது. ஏறக்குறைய 42 மணி நேரத்தில் ஒரு சுற்று முடித்துவிடுவதால் அதன் நகர்வு சீக்கிரமே தெரிகிறது.

ஆறவிட்ட பிறகும் நெளிந்தால், வியாழன் வானில் உயரும்வரை பொறுங்கள். அடிவானத்தருகே அதன் ஒளி நிறையக் காற்றைக் கடந்து வர வேண்டியிருக்கிறது.