நேர்காணலில் எனக்கு அழுகை வந்ததை ஆய்வேட்டில் எழுதலாமா?

கேள்வி
சேலத்தில் சமூகவியலில் பிஎச்டி செய்கிறேன். ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களிடம் நேர்காணல் எடுக்கிறேன். பிரசவ வலியில் துடித்த தங்கையை இருபது கொண்டை ஊசி வளைவும் இறக்கி சேலம் கொண்டுவருவதற்குள் உயிர் போனதை ஒரு அக்கா சொன்னார். களத்தில் காய்ந்த காப்பிப் பழத்தைக் காலால் கிளறிக்கொண்டே, குரல் மாறாமல் சொன்னார். எனக்குத்தான் அடக்க முடியவில்லை. "விடு கண்ணு, பழைய கதை" என்று அவரே தண்ணீர் கொடுத்துத் தேற்றினார். கைடு அந்தப் பகுதியை எடுத்துவிடச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில் 1
எடுக்காதே அம்மா. சிவதாபுரம் கொலுசுப் பட்டறைகளில் கள ஆய்வு செய்தவன் சொல்கிறேன். முதலில் பதிவைத் திரும்பப் போட்டுக் கேள். நீ அழுவதற்கு முன்னால் எப்படிப் பேசினார், பின்னால் எப்படிப் பேசினார்? நம்மைத் தேற்ற ஆரம்பித்துவிட்டால், கஷ்டமான விஷயங்களைப் பலர் அப்படியே விழுங்கிவிடுவார்கள். அப்படி நடந்திருந்தால் உன் அழுகையை மறைப்பது தரவை மறைப்பதுதான்.

அப்புறம், அவர் அழாததால் துக்கம் ஆறிவிட்டது என்று எழுதிவிடாதே. துக்கம் கண்ணீராகத்தான் வரும் என்றில்லை. மானிடவியலாளர் ரெனாட்டோ ரொசால்டோ பிலிப்பைன்ஸில் இலோங்கோட் என்ற பழங்குடி மக்களை ஆய்வு செய்தார். பிறரைக் கொன்று தலை வெட்டும் வழக்கம் அவர்களிடம் முன்பு இருந்தது. துக்கத்தில் பொங்கும் ஆத்திரம்தான் தலை வெட்டத் தூண்டுகிறது என்று அவர்கள் சொன்னது அவருக்குப் பல வருடம் பிடிபடவில்லை. 1981-ல் மனைவி மிஷெல் களப்பணியின்போது தவறி விழுந்து இறந்த பிறகுதான் அந்த ஆத்திரம் புரிந்தது. அதை எழுதவும் செய்தார்.

பதில் 2
ரொசால்டோ சரி. ஆனால் தோட்டத்துப் பெண்களைப் பற்றிய ஆய்வேட்டில் பக்கம் பக்கமாக ஆய்வாளரின் மனபாரம் வரக் கூடாது. கைடின் பயம் அதுவாக இருக்கும்.

பதில் 1
நியாயம்தான். களக்குறிப்பு நோட்டில் நடுவே கோடு போட்டுக்கொள். ஒரு பக்கம் கண்டதும் கேட்டதும். மறுபக்கம் உனக்கு வந்த கோபம், பயம், அழுகை. அன்று இரவே எழுதிவிடு. தரவைப் பாதித்த இடம் மட்டும் ஆய்வு முறை அத்தியாயத்துக்குப் போகட்டும், ஒரு பத்தி போதும்.

கேட்டவர்
பதிவைக் கேட்டேன் அண்ணா. தண்ணீர் கொடுத்த பிறகு தங்கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முழுக்கக் கூலியும் மிளகு விலையும்தான். அன்று வண்டி ஏன் கிடைக்கவில்லை என்ற பேச்சு பாதியில் நிற்கிறது. மறுபடி கேட்டால் அவருக்கு வலிக்குமே?

பதில் 2
வலிக்கலாம். ஒப்புதல் படிவம் முன்பே வாங்கியிருந்தாலும், இதைப் பேசச் சம்மதமா, எழுதலாமா என்று அவரிடம் தனியாகக் கேள். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடு.