குளத்தில் விராலுக்கு எந்த இரை நல்லது?

கரைக்காரன்: எங்கள் ஊர்க் குளத்தில் மண்புழு போட்டால் ஜிலேபியும் கெளுத்தியும்தான் மாட்டுகின்றன. மூங்கில் கழி, நைலான் நரம்பு, மயிலிறகுத் தக்கை, அவ்வளவுதான் என் சாமான். விரால் பிடிக்க என்ன செய்யலாம்?

தக்கை தம்பி: மண்புழுவை விடுங்க அண்ணே. தவளைக்குஞ்சோ சின்ன உயிர்மீனோ கோத்து, தாமரை இலை ஓரமாகப் போடுங்க. விரால் மூச்சு விட மேலே வரும், குமிழி தெரியும், அந்த இடத்தைக் குறி வைக்கலாம். கவ்வியதும் இழுக்காதீங்க, விழுங்க விட்டு அப்புறம் சுண்டுங்க.

ஆத்தோரம்: ரப்பர் தவளையும் நல்லா வேலை செய்யும், பாசியில் சிக்காது. ஆனா ஒன்று, செந்நிற விரால் குஞ்சுகள் கூட்டமாக மேலே மிதந்தால் அடியில் தாய்மீனும் தந்தைமீனும் காவல் இருக்கும், அங்கே தூண்டில் போட்டால் உடனே பாயும்தான், ஆனால் பெரியதைத் தூக்கிவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். எனக்கு அது பிடிக்காது.

கரைக்காரன்: சரி, ரப்பர் தவளையிலேயே ஆரம்பிக்கிறேன். தூண்டில் முள் என்ன சைஸ்?

தக்கை தம்பி: ஜிலேபி முள் வேண்டாம், நிமிர்ந்துவிடும். தடித்ததா வாங்குங்க. குளம் ஏலம் போயிருந்தால் குத்தகைக்காரரிடம் முதலில் கேட்டுக்கோங்க.