மறைகுறியாக்கிய அடையாள அட்டை இலக்கத்தில் தேடுவது எப்படி?

கேள்வி (ஹட்டன்)

வணக்கம். எங்கள் தோட்டத்து மரணாதார சங்கத்தின் அங்கத்தவர் பதிவேட்டைப் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்துக்கு மாற்றி வருகிறேன். மொத்தம் 1,800 பேர். லயத்தில் (தோட்டக் குடியிருப்பு வரிசையில்) ஒரு சாவு என்றால், குடும்பத்தார் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். அந்த நேரத்தில் அவர்களைக் காக்க வைக்க எனக்கு மனம் வராது. பெயரையும் அட்டை இலக்கத்தையும் ஏஇஎஸ்-ஜிசிஎம் என்ற முறையில், சாவியில்லாமல் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கியதும் தேடல் நின்றுபோனது. ஒரே இலக்கம் ஒவ்வொரு முறையும் வேறு உருவில் பதிவாகிறது. ஷா-256 ஹாஷை (ஒரே இலக்கத்துக்கு எப்போதும் ஒரே உருவைத் தரும் ஒருவழிக் கணிப்பை) அட்டவணையின் இன்னொரு நிரலில் (column) வைத்துத் தேடலாமா?

பதில் (பதுளை)

உரு மாறுவது பிழையல்ல. ஒவ்வொரு முறையும் புதிய நொன்ஸ் (ஒரே முறை பயன்படும் எண்) சேர்வதே காரணம், அதை அப்படியே விடுங்கள். ஆனால் வெறும் ஹாஷ் வேண்டவே வேண்டாம். பழைய அட்டையில் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது (பெண்களுக்கு 500 கூட்டப்படும்), மிஞ்சுவது நான்கே எண்கள். எல்லாச் சேர்க்கைகளையும் எழுதினாலும் 73 கோடியளவுதான் வரும் என்பதால், தரவுத்தளத்தின் பிரதியைத் திருடியவர் ஒரு மடிக்கணினியில் சில நிமிடங்களில் அத்தனையையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டுவிடுவார். ஆகவே தனிச் சாவியுடன் எச்மேக் (சாவி இல்லாதவர் கணிக்க முடியாத ஹாஷ்) கணித்து ஒரு நிரலில் வைத்து, அந்த நிரலுக்கு விரைவாகத் தேடச் சாதாரண இன்டெக்ஸ் போடுங்கள். சாவி தரவுத்தளத்துக்கு வெளியே இருக்கட்டும்.

கணிக்கும் முன் இலக்கத்தை ஒரே வடிவாக்க வேண்டும். ஒருவரிடமே பழைய அட்டையும் 12 எண் கொண்ட புதிய அட்டையும் இருக்கலாம். பழையதன் முன் 19 சேர்த்து, ஆண்டுக்கும் நாளுக்கும் பின் ஒரு 0 நுழைத்து, இறுதி எழுத்தை நீக்கினால் புதியது கிடைக்கும்.

பதில் (தலவாக்கலை)

பெயருக்கு எச்மேக் நிரல் வைக்காதீர்கள். ஒரே பெயர் ஒரே உருவைத் தரும். நம் தோட்டங்களில் எந்தப் பெயர் அதிகம் என்று அறிந்தவர், எண்ணிப் பார்த்தே ஊகித்துவிடுவார். 1,800 பெயர்களை உங்கள் செயலிக்குள் மறைநீக்கித் தேடுவதற்கு ஒரு நொடிகூட ஆகாது.

தேடும் முன், தேடும் பெயரையும் பதிவிலுள்ள பெயரையும் யூனிகோட் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவுக்கு மாற்றுங்கள். "கோகிலா" என்பதில் உள்ள "கோ"வின் உயிர்க்குறி ஒற்றைக் குறியாகவும் வரும், கொம்பும் காலும் பிரிந்த இரு குறிகளாகவும் வரும். திரையில் வேறுபாடே தெரியாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாட்கள் சென்றன.

கேட்டவர்

மிக்க நன்றி. மறைகுறியாக்கத்தை பிஜிகிரிப்டோவில் (போஸ்ட்கிரஸுக்குள்ளேயே மறைகுறியாக்கும் நீட்சியில்) செய்கிறேன், அது போதுமா?

பதில் (பதுளை)

அதில் சாவி வினவலோடு சேவையகத்துக்குப் போகும். வினவல்கள் பதிவுக் கோப்பில் எழுதப்பட்டால் சாவியும் அங்கே கிடக்கும். செயலியிலேயே மறைகுறியாக்கி அனுப்புங்கள். ஏற்கெனவே பதிவாகியிருந்தால் சாவியையும் மாற்றிவிடுங்கள்.