இடர் அச்சமா, இடருணர்வா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

அன்றாட ஆபத்துகளைப் பொதுமக்கள் எப்படி எடைபோடுகிறார்கள் என்று ஆராயும் துறைக்கு (risk perception) தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று நம் குழுவில் பேசிவருகிறோம். 'இடர் அச்சம்' என்ற பெயரை ஐயா ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். சுருக்கமான சொல்தான், ஆனாலும் என்னால் ஏற்க இயலவில்லை. அச்சம் என்று சொல்லிவிட்டால், மக்கள் வீணாகப் பயப்படுகிறார்கள் என்ற தீர்ப்பு பெயரிலேயே ஏறிவிடுகிறது. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பதும் இத்துறைக்குள் வருகிறதே!

அமெரிக்க உளவியலாளர் பால் ஸ்லோவிக்கும் சக ஆய்வாளர்களும் 1979-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 30 செயல்களையும் தொழில்நுட்பங்களையும் ஆபத்தின் வரிசையில் அடுக்கச் சொன்னார்கள். கல்லூரி மாணவர்கள் அணுமின்சாரத்தை முதலிடத்தில் வைத்தார்கள். வல்லுநர்கள் 20-ஆம் இடத்தில் வைத்தார்கள். எக்ஸ்ரேயோ வல்லுநர்களின் வரிசையில் 7-ஆவது, மாணவர்களின் வரிசையில் 17-ஆவது. இதைவிட முக்கியமானது வேறொன்று. சாதாரண ஆண்டு ஒன்றில் எதனால் எத்தனை பேர் இறப்பார்கள் என்று அதே மாணவர்களைக் கேட்டபோது, அணுமின்சாரத்துக்கு மிகக் குறைந்த எண்ணிக்கையையே சொன்னார்கள். அதாவது, சாவுக் கணக்கு தெரியாமல் அவர்கள் அதை முதலிடத்தில் வைக்கவில்லை. ஒரே நாளில் பேரழிவு நேருமா, கண்ணுக்குத் தெரியாமல் தாக்குமா, நம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பவற்றையும் சேர்த்தே எடைபோட்டார்கள். இந்த நியாயத்தை 'அச்சம்' மறைத்துவிடும்.

குழுவில் அம்மையார் ஒருவர் சொன்ன 'இடர்ப் புலனுணர்வு' என்ற பெயர் வேறு வகையில் இடறுகிறது. கதிர்வீச்சுக்கு நிறமோ மணமோ இல்லை. புலன்களுக்கு அங்கே என்ன வேலை?

அபாயம், இடர் இரண்டையும் முதலில் பிரித்துக்கொள்வோம். படிக்கட்டில் தண்ணீர் சிந்திக் கிடக்கிறது. அந்த ஈரம் அபாயம். வழுக்கி விழும் வாய்ப்பும், விழுந்தால் நேரும் தீங்கின் அளவும் சேர்ந்ததே இடர். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கினால் ஈரம் அப்படியே இருக்கும், இடர் மட்டும் குறையும். மின்கம்பப் பலகைகளில் 'அபாயம்' என்று எழுதும் வழக்கமும் இதற்கு ஒத்துப்போகிறது: அங்கே சுட்டப்படுவது தீங்கு விளைவிக்கக்கூடிய மின்சாரம்.

ஆகவே என் பரிந்துரை 'இடருணர்வு'. தமிழில் உணர்தல் என்பது மனவெழுச்சியோடு நிற்பதில்லை. 'பொருள் உணர்ந்து படி' என்கிறோம். அங்கே அறிவுதான் பேசுகிறது. எண்ணிப் பார்ப்பதும் நெஞ்சு பதறுவதும் ஒரே சொல்லுக்குள் அடங்குகின்றன. இத்துறைக்கு இதைவிடப் பொருத்தமான வேர்ச்சொல் எனக்குத் தெரியவில்லை. மக்கள் உணரும் இடரை 'உணரிடர்' என்று வினைத்தொகையாக்கலாம். வல்லுநர் கணக்கிட்டதை 'கணிப்பிடர்' எனலாம். அப்போது 'உணரிடர் கணிப்பிடரைவிட மிகுதி' என்று ஒரே வரியில் எழுத முடியும்.

'உணரி' சென்சாருக்கு நிலைத்துவிட்ட சொல்லாயிற்றே என்று கேட்பீர்கள். உணரியோடு இடர் புணர்ந்தால் உடம்படுமெய் பெற்று 'உணரியிடர்' என்றாகும். எனவே எழுத்தில் குழப்பம் வராது. இதைவிட நல்ல சொல் கிடைத்தால் மகிழ்ச்சியோடு மாற்றிக்கொள்வேன். அபாயம், இடர் வேறுபாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.