காவல் நிலைய ஆள்பலத்தை அறியும் உரிமை: "பாதுகாப்புக் காரணம்" எதுவரை செல்லும்?

நடைபாதை எழுதியது:

வணக்கம். எங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் மொத்தம் எத்தனை காவலர்கள் உள்ளனர், இரவில் எத்தனை பேர் பணியில் இருக்கின்றனர், எத்தனை இடங்கள் காலியாக உள்ளன என்ற மூன்று கேள்விகளை ஒரே மனுவில் எழுதி அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து, "பாதுகாப்புக் காரணங்களால் கோரிய தகவலை வழங்க இயலாது" என்ற ஒற்றை வரி பதிலாக வந்தது. மூன்றில் எதற்கு அந்தக் காரணம் பொருந்துகிறது என்பதுகூட அதில் இல்லை. இரவில் உதவிக்கு அழைத்தால் வாகனம் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகிறது. வருகிறவர்களும் "ஆள் இல்லை" என்றுதான் சொல்கிறார்கள். அது உண்மையா, சாக்குப்போக்கா என்று தெரிந்துகொள்ளவே கேட்டேன். குடிமக்கள் இதைக் கேட்பது தவறா? எந்த நாட்டுச் சட்டமானாலும் சரி, விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடன் இருப்பேன்.

பழுப்புக்கோப்பு எழுதியது:

கேட்பது தவறே இல்லை. ஆனால் நீங்கள் கேட்ட மூன்றும் ஒரே தன்மை கொண்டவை அல்ல. அவற்றை ஒரே மனுவில் கோத்ததால், ஒன்றுக்குப் பொருந்தும் மறுப்பை மற்ற இரண்டின் மீதும் போர்த்திவிட்டார்கள். தகவல் கோரும் மனுக்களைக் கையாளும் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

ஒரு நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை என்பது அரசாணையிலும் வரவுசெலவுத் திட்டத்திலும் இடம்பெறும் செய்தி. அதில் இரகசியம் ஏதும் இருக்க முடியாது. அவற்றுள் எத்தனை நிரப்பப்பட்டுள்ளன என்பதும், ஒரு குறிப்பிட்ட தேதியின் நிலவரமாகக் கேட்கப்பட்டால், பெரும்பாலும் மறுக்க இயலாதது. "இரவு இரண்டு மணிக்கு எத்தனை பேர்" என்ற கேள்விதான் சிக்கல். இன்றைய நடைமுறையை அப்படியே வெளியிட்டால், எந்த நேரத்தில் நிலையம் மெலிந்திருக்கிறது என்பதைத் திருட நினைப்பவனும் அறிந்துகொள்வான் என்று அதிகாரி வாதிடுவார். அந்த வாதத்தை முற்றிலும் தள்ளிவிட முடியாது.

இந்தியாவின் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பிரிவு 8(1)(g) ஒருவரின் உயிருக்கோ உடற்பாதுகாப்புக்கோ ஆபத்து விளைவிக்கும் தகவலுக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் பிரிவு 10, விலக்குக்கு உட்பட்ட பகுதியைப் பிரித்துவிட்டு எஞ்சியதைத் தரச் சொல்கிறது. பிரிவு 7(8) மறுப்புக்கான காரணத்தையும், எந்த அலுவலரிடம் எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் பதிலிலேயே குறிப்பிட வேண்டும் என்கிறது. மேல்முறையீட்டில் மறுப்பு சரியானது என்று நிறுவும் பொறுப்பும் அலுவலருடையதே, மனுதாரருடையது அன்று. பிரிட்டனின் 2000ஆம் ஆண்டுச் சட்டத்திலும் எந்த விலக்குப் பிரிவு, அது ஏன் பொருந்துகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். சட்ட அமலாக்கத்துக்கான பிரிவு 31-ஐக் காட்டினாலும் பொதுநலனையும் சீர்தூக்கிப் பார்த்த பிறகே மறுக்க முடியும். ஒற்றை வரிப் பதில் இவ்விரு சட்டங்களின்படியும் குறையுள்ள பதில்தான்.

ஓய்வில்இருப்பவன் எழுதியது:

நான் சீருடையில் இருந்தவன். மேலே சொன்னதில் ஒரு பகுதியை மறுக்கிறேன். பெரிய நிலையமென்றால் மொத்த எண்ணிக்கை தீங்கற்றது. பதின்மர் மட்டுமே உள்ள சிறு நிலையத்தில் அந்த ஒரு எண்ணை வைத்தே இரவில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எவரும் ஊகித்துவிடலாம். அதிகாரிகள் தயங்குவது எப்போதும் மூடிமறைக்கும் எண்ணத்தால் அல்ல.

ஆனால் இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. மொத்த எண்ணிக்கை கிடைத்தாலும் அது உங்களை ஏமாற்றும். ஒரு காலை நேரத்துப் பணிப்பதிவேட்டின் பக்கத்தை இன்றும் என்னால் மனக்கண்ணில் பார்க்க முடிகிறது: முப்பது பெயர்கள், அவற்றின் எதிரே நீதிமன்றப் பணி, கைதி வழிக்காவல், பயிற்சி, மருத்துவ விடுப்பு, வேறோர் அலுவலகத்தில் அயற்பணி, முக்கியப் பிரமுகர் பந்தோபஸ்து. ரோந்துக்கு எஞ்சியவர்கள் நான்கு பேர். ஏட்டின்படி அந்த நிலையத்தில் காலிப்பணியிடமே கிடையாது.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். வாயிற்பாராவில் எந்நேரமும் ஒருவர் நிற்க வேண்டுமென்றால் ஆண்டுக்கு 8,760 மணி நேரம் ஈடுகட்ட வேண்டும். நாளுக்கு எட்டு மணி, வாரம் ஐந்து நாள் வேலை செய்பவர் ஆண்டுக்கு 2,080 மணி நேரம் தருவார். விடுப்பு, நோய், பயிற்சி என நாற்பது நாளைக் கழித்தால் 1,760. ஆக, ஒரே ஓர் இடத்தில் இரவும் பகலும் ஆள் நிற்க ஐந்து பேர் தேவை. வாரம் ஆறு நாள் வேலை வாங்கினாலும் நால்வர் வேண்டும். வாயிலிலும் தொலைபேசி அருகிலும் ஒவ்வொருவர் என்றால் முப்பது பேரில் பத்துப் பேர் அங்கேயே தீர்ந்துபோவார்கள். எனவே "எத்தனை பேர்" என்பதோடு நிற்காமல், "அயற்பணியிலும் மாற்றுப்பணியிலும் எத்தனை பேர்" என்றும் கேளுங்கள். "ஆள் இல்லை" என்று உங்களிடம் சொன்னவர்கள் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றே எண்ணுகிறேன்.

அட்டவணைப்பித்தன் எழுதியது:

மனு போடுவதற்கு முன், ஏற்கெனவே வெளியாகியுள்ள புள்ளிவிவரங்களைப் பார்ப்பது நல்லது. இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் 43 காவல்துறைகளுக்குமான ஆள்பலத்தை அந்நாட்டு உள்துறை அமைச்சகம் மார்ச் 31, செப்டம்பர் 30 நிலவரப்படி ஆண்டுக்கு இருமுறை வெளியிடுகிறது. இந்தியாவில் காவல் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுப் பணியகம் மாநில வாரியாக அனுமதிக்கப்பட்ட பலத்தையும் உண்மையான பலத்தையும் தொகுக்கிறது. அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. அக்டோபர் 31 நிலவரத்தைத் திரட்டுகிறது. அங்கே பல ஊர்களுக்குத் தனித்தனிக் காவல்துறை இருப்பதால் சிறு ஊரின் எண்ணிக்கைகூடத் தனியே கிடைத்துவிடும். மற்ற இரு நாடுகளிலும் இந்தத் தொகுப்புகள் நிலையம் வரை இறங்குவதில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் மனு தேவைப்படுகிறது.

ஒப்பிடும்போது ஒரு கவனம் வேண்டும். பிரிட்டன் தரும் முதன்மை எண் தலைக்கணக்கு அன்று. பாதி நேரம் வேலை செய்யும் இருவரை ஒருவராகக் கொள்ளும் முழுநேரச் சமக் கணக்கு.

உங்கள் உண்மையான குறை தாமதம் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். ஆள் கூடினால் எல்லாம் சீராகும் என்பது உறுதியில்லை. 1972-73இல் அமெரிக்காவின் கான்சஸ் நகரில் 15 ரோந்துப் பகுதிகளை மூன்று வகையாகப் பிரித்து, சிலவற்றில் வழக்கமான ரோந்தை நிறுத்தியும் சிலவற்றில் கூட்டியும் பார்த்தார்கள். குற்றங்களிலோ மக்களின் அச்சத்திலோ சொல்லத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆகவே அழைப்பு வந்த நேரம், வாகனம் சென்று சேர்ந்த நேரம் ஆகியவற்றையும் கேளுங்கள். எவர் எங்கே நிற்கிறார் என்பதை அவை காட்டிக்கொடுக்காது என்பதால் மறுப்பதும் கடினம்.

நடைபாதை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பந்தோபஸ்தும் அயற்பணியும் கணக்கில் வரும் என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. மனுவை இப்படித் திருத்தியிருக்கிறேன்: "சென்ற மார்ச் 31 அன்று அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள், நிரப்பப்பட்டவை, அயற்பணியில் இருந்தோர் ஆகியோரின் எண்ணிக்கை, கடந்த மூன்று ஆண்டுகளில் ஒவ்வோர் இரவும் பணியில் இருந்தோரின் சராசரி, ஆள் பற்றாக்குறை ஏற்பட்டதற்கான காரணம்." இது சரியாக இருக்குமா?

பழுப்புக்கோப்பு எழுதியது:

முதல் பகுதி மிகச் சரி. சிறு நிலையம் பற்றி மேலே நண்பர் சொன்னது நியாயமானதே; உங்கள் நிலையமும் அப்படியென்றால், நிலையத்துக்கு மேலுள்ள உட்கோட்ட அளவிலான எண்ணையும் மாற்றாகக் கேட்டுவிடுங்கள்.

"சராசரி" என்பதை நீக்குங்கள். பதிவேட்டில் சராசரி இருக்காது. இல்லாத ஒன்றைக் கணக்கிட்டுத் தரும் கடமை அலுவலருக்கு இல்லை. மூன்று ஆண்டுகளின் ஒவ்வோர் இரவும் என்பது ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களைப் புரட்டும் வேலை. பிரிட்டனில் தகவலைத் தேடியெடுக்க 18 மணி நேரத்துக்கு மேல் ஆகுமென்றால் காவல்துறை மறுத்துவிடலாம். ஓராண்டுக்கு முந்தைய நான்கு இரவுகளைத் தேதியுடன் குறிப்பிட்டு, பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும் என்று எழுதுங்கள். நாள் பழகிய எண்ணால் இன்றைய பாதுகாப்புக்கு என்ன கேடு என்று சொல்வது அவர்களுக்குக் கடினம். காரணம் கேட்கும் வரியையும் எடுத்துவிடுங்கள். ஆவணத்தில் உள்ளதைத்தான் தருவார்கள், விளக்கம் எழுத மாட்டார்கள். அதற்குப் பதிலாக, ஆள் கோரி மேலதிகாரிக்கு நிலையம் அனுப்பிய கடிதங்களின் நகலைக் கேட்கலாம்.

புதிய மனுவை அனுப்பினாலும் பழைய மறுப்பை அப்படியே விட்டுவிடாதீர்கள். இந்தியச் சட்டத்தில் முதல் மேல்முறையீட்டுக்குப் பதில் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள்களே அவகாசம். அஞ்சல் உறையைத் தூக்கி எறிந்துவிடவில்லையே? அதன்மேல் உள்ள முத்திரைத் தேதி தேவைப்படும்.