பெரிய வீட்டுக் குழு: பார்க்ஸ் ஊர் எல்விஸைப் பார்க்கப் போகலாமா?

பெரியப்பா, மாலை 6:40
கயல், நானும் உன் மாமியும் டிசம்பர் கடைசியில் சிட்னிக்கு வந்ததும், ஜனவரி இரண்டாம் வாரம் எல்விஸ் திருவிழா நடக்கும் பார்க்ஸ் என்ற ஊருக்கு எங்களை அழைத்துப் போக நீ ஏற்பாடு செய்வதாக உன் அம்மா சொன்னாள். அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியைப் போல வேடமிட்டுப் பாடும் ஒருவரைப் பார்ப்பதற்காக ஆறேழு மணி நேரம் ரயிலில் உட்கார வேண்டுமா என்று யோசிக்கிறேன். கல்லூரி நாள்களில் இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பில் அந்தக் குரலைக் கேட்டுப் பழகிய எனக்கு, அதே பாட்டை வேறொருவர் அதே குரலில் பாட முயல்வதைக் கேட்க ஆர்வம் வரவில்லை.

கயல், மாலை 6:52
பெரிய மாமா, போன ஜனவரியில் அம்மா வற்புறுத்தி அழைத்துப் போனபோது நானும் இதையேதான் சொன்னேன். ஆனால் அந்த ஊரில் இந்தத் திருவிழா ஏன் நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் உங்களுக்கு வேறு எண்ணம் தோன்றலாம். எல்விஸ் தம் வாழ்நாளில் அமெரிக்காவையும் கனடாவையும் தவிர வேறெந்த நாட்டிலும் ஒரு கச்சேரிகூடச் செய்யவில்லை. 1957-இல் கனடாவின் மூன்று நகரங்களில் பாடியதுதான் அமெரிக்காவைத் தாண்டி அவர் நடத்திய மேடை நிகழ்ச்சிகள். ஆகவே ஆஸ்திரேலிய ரசிகர்கள் அவரை நேரில் பார்க்க வேண்டுமானால் விமானம் ஏறி அமெரிக்காவுக்குத்தான் போயிருக்க வேண்டும்.

அத்தை (கயலின் அம்மா), மாலை 6:55
அண்ணா, அவருடைய மேலாளர் கர்னல் பார்க்கர் உண்மையில் நெதர்லாந்தின் பிரெடா நகரில் பிறந்தவர். அமெரிக்கக் கடவுச்சீட்டு இல்லாதவர் என்பதால்தான் அவர் வெளிநாட்டுப் பயணங்களைத் தவிர்த்தார் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். ஒருவருடைய கடவுச்சீட்டுச் சிக்கலுக்காக ஒரு கண்டம் முழுவதும் காத்துக்கொண்டே இருந்திருக்கிறது!

பெரியப்பா, மாலை 7:01
அது வருத்தத்துக்குரிய செய்திதான். ஆனால் நேரில் பார்க்க முடியாமல் போனவருக்கு இன்னொருவரைக் காட்டி ஆறுதல் சொல்வது எப்படிச் சரியாகும்? நம் ஊர்த் திருவிழா மேடைகளில் எம்.ஜி.ஆர். வேடம் போட்டு ஆடுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் வந்ததுமே கூட்டம் கைதட்டிவிடும். அதற்கப்புறம் அவர் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் யாரும் கவலைப்படுவதில்லை.

கயல், மாலை 7:20
நீங்கள் சொல்லும் குறை பார்க்ஸிலும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். வீதியில் நடப்பவர்களில் பெரும்பாலோர் வெள்ளை உடையும் பெரிய கண்ணாடியும் ஒட்டுக் கிருதாவும் வைத்துக்கொண்டு, உதட்டை ஒரு பக்கம் சுழித்தால் போதும் என்று நினைக்கிறவர்கள்தான். அவர்கள் விளையாட்டாக வருகிறார்கள்; அவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். நான் உங்களுக்குக் காட்ட நினைப்பது மேடையில் இரண்டு மணி நேரம் வாத்தியக் குழுவோடு நின்று பாடுகிறவர்களை. அவர்களில் நல்லவர்கள் பொதுவாக ஓர் எல்விஸைப் பாடுவதில்லை. ஒரு குறிப்பிட்ட ஆண்டை, சில வேளைகளில் ஒரு குறிப்பிட்ட இரவையே எடுத்துக்கொள்கிறார்கள்.

நான் பார்த்தவர் எடுத்துக்கொண்டது 1973 ஜனவரி 14 அன்று ஹானலூலுவில் நடந்த கச்சேரி. அது செயற்கைக்கோள் வழியாக ஆஸ்திரேலியா, ஜப்பான் உள்ளிட்ட நாடுகளுக்கு நேரலையாக ஒளிபரப்பானது. ஆசிய நாடுகளின் மாலை நேரத்துக்குப் பொருந்தும்படி ஹவாயில் நள்ளிரவு தாண்டித் தொடங்கினார்கள். அமெரிக்கர்களுக்கே அது ஏப்ரலில்தான் தொலைக்காட்சியில் வந்தது. நுழைவுக்கு நிர்ணயித்த விலை எதுவும் இல்லாமல், வந்தவர்கள் தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள். அப்படிச் சேர்ந்த 75,000 டாலர் ஒரு புற்றுநோய் நிதிக்குப் போனது. எல்விஸின் மேடை ஆஸ்திரேலிய ரசிகர்களுக்கு மிக அருகில் வந்தது அந்த ஒளிபரப்பின் வழியாகத்தான் என்று சொல்லலாம். பார்க்ஸ் மேடைக்கு அந்த இரவைத் தேர்ந்தெடுத்த பாடகருடைய புத்தியை நான் பாராட்டுகிறேன்.

அத்தை, மாலை 7:24
அதே பார்க்ஸ் ஊருக்கு வெளியே இருக்கும் ரேடியோ தொலைநோக்கிதான் 1969-இல் மனிதன் நிலவில் நடந்த காட்சியின் பெரும்பகுதியை உலகத்துக்கு வாங்கிக் கொடுத்தது. அது ஆஸ்திரேலிய நேரப்படி ஜூலை 21. பத்து நாள் கழித்து ஜூலை 31 அன்று எல்விஸ் லாஸ் வேகாஸில் மேடைக்குத் திரும்பினார். அண்ணாவுக்குத் தொலைநோக்கியில் விருப்பம் உண்டு என்பதால் இதையும் சொல்லி வைக்கிறேன்.

அருண், மாலை 7:38
பெரியப்பா, மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறவன் என்ற முறையில் நானும் ஒன்று சொல்ல வேண்டும். வேகாஸ் காலத்து எல்விஸைப் போலப் பாடுவதில் உள்ள பெரிய சிக்கல் குரலில் இல்லை. 1969-இலிருந்து அவரோடு இருந்த டிரம்ஸ் கலைஞர் ரானி டட், எல்விஸின் முதுகையும் தோளையும் கையையும் விடாமல் பார்த்துக்கொண்டே வாசித்தவர். ராணுவத்தில் இருந்த காலத்தில் கராத்தே பயிலத் தொடங்கிய எல்விஸ், மேடையிலும் அந்த அசைவுகளைத் திடீர் திடீரென்று செய்வார். கை வெட்டும் நொடியில் ஸ்நேர் என்ற சிறு டிரம்மின் அடியும் கால் நீளும் நொடியில் சிம்பல் என்ற உலோகத் தட்டின் அடியும் சரியாக விழும். அந்த அசைவு எப்போது வரும் என்று முன்கூட்டி எழுதி வைத்த குறிப்பு எதுவும் கிடையாது. எல்விஸ் விரும்பினால் பாட்டின் முடிவை நீட்டுவார், நடுவில் நிறுத்துவார், முடிந்த பாட்டின் கடைசி அடியை மறுபடியும் எடுப்பார். ஜேம்ஸ் பர்ட்டனின் கித்தாரும் ஜெரி ஷெஃபின் பாஸ் கித்தாரும் அப்படியே கூடப் போகும்.

இதனால்தான் இசையை மட்டும் முன்பே பதிவு செய்து வைத்த கரோக்கி டிராக்கை ஓடவிட்டு எல்விஸாக நடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. அங்கே டிராக் முன்னால் போகிறது, பாடுகிறவர் அதன் பின்னால் ஓடுகிறார். எல்விஸின் மேடையிலோ அவர் முன்னால் போனார், குழுவினர் அவரைப் பார்த்து வாசித்தார்கள். கயல், நீ பார்த்தவரிடம் நிஜமான குழு இருந்ததா?

கயல், மாலை 7:51
இருந்தது, அருண். கித்தார், பாஸ், டிரம்ஸ், பியானோ, மூன்று ஊதுகருவிகள், பின்னணி பாட மூன்று பெண்கள். அசல் கச்சேரியில் முழு ஆர்கெஸ்ட்ராவும் ஆண் பாடகர் குழு ஒன்றும் இருந்ததால் இது சுருக்கப்பட்ட வடிவம்தான். ஆனால் நீ சொன்ன அந்த விஷயத்தை நான் கண்ணால் பார்த்தேன். ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் அந்தப் புகழ்பெற்ற முன்னிசை முடிந்து டிரம்ஸ் உருளத் தொடங்கியதும் அவர் மேடையின் ஒரு கோடியிலிருந்து நடந்து வந்தார். முதல் நாலைந்து பாட்டு வரை டிரம்ஸ்காரர் அவரை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. ஆறாவது பாட்டிலோ ஏழாவது பாட்டிலோ பாடகர் ஒத்திகையில் இல்லாத ஓர் இடத்தில் நிறுத்தினார் என்று நினைக்கிறேன். பாஸ் வாசித்தவர் ஒரு சுரம் கூடுதலாக வாசித்துவிட்டுச் சிரித்தார், பாடகரும் சிரித்தார். அதுவரை படத்தைப் பார்த்து வரைந்தது போலிருந்த நிகழ்ச்சி அந்த இடத்திலிருந்து அவர்களுடைய சொந்தக் கச்சேரியாகிவிட்டது.

பெரியம்மா, இரவு 8:02
அந்த ஊரில் ஜனவரியில் நாற்பது டிகிரி வெயில் அடிக்கும் என்று சொல்கிறார்கள். கழுத்து வரை மூடிய அந்தக் கனமான உடையோடு அவர்கள் எப்படிப் பாடுகிறார்கள்?

கயல், இரவு 8:10
மாமி, வியர்வையில் நனைந்துதான் பாடுகிறார்கள், எல்விஸும் அப்படித்தான் பாடினார். வியர்வையைத் துடைத்த கழுத்துத் துணியை முன்வரிசைப் பெண்களுக்குக் கொடுக்கும் வழக்கத்தை இவர்களும் கடைப்பிடிக்கிறார்கள். அடுத்த துணியை எடுத்துக் கொடுப்பதற்கென்றே ஒருவர் பக்கத்தில் நிற்கிறார். ஹானலூலு இரவின் வெள்ளை ஜம்ப்சூட்டை வடிவமைத்தவர் பில் பெலூ. அமெரிக்கக் கழுகு மார்பிலும் முதுகிலும் கல் பதித்துப் பொறிக்கப்பட்டிருக்கும். மேலும் கீழும் ஒரே துண்டாகத் தைத்ததால்தான் காலை அகட்டி மண்டியிடும்போது சட்டை வெளியே வராமல் இருந்தது. அதே அச்சில் தைத்த நகல் உடைகளை இன்றைக்கும் அமெரிக்காவிலிருந்து பல ஆயிரம் டாலர் கொடுத்து வரவழைக்கிறார்கள். அசல் கச்சேரியின் கடைசிப் பாட்டில் எல்விஸ் தோளில் இருந்த ‘கேப்’ என்ற மேல்போர்வையைக் கூட்டத்துக்குள் வீசிவிட்டார். நான் பார்த்தவர் வீசுவதுபோல் கையை ஓங்கிவிட்டு, விலையை நினைத்தவர்போலத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். அரங்கம் அதிர்ந்தது.

மாமா (சிட்னி), இரவு 8:31
மச்சான், நீங்கள் எழுப்பிய கேள்வி நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. எல்விஸ் 1977 ஆகஸ்ட் 16-இல் இறந்த பிறகு, அவரைப் போலப் பாடும் ஒருவரை வைத்து ‘தி பிக் எல் ஷோ’ என்ற நிகழ்ச்சியை நடத்தியவர்மீது அவருடைய சொத்துகளை நிர்வகித்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். நியூஜெர்சியின் கூட்டாட்சி நீதிமன்றம் 1981-இல், அந்த நிகழ்ச்சியில் பொழுதுபோக்கு அம்சம் இருந்தாலும், தனக்கென்று பெரிதாக எதையும் சேர்க்காமல் பிரெஸ்லியின் தோற்றத்தை வணிகமாக்குவதே அதன் முதன்மையான வேலை என்று கருதியது. அப்படிக் கருதியும் நிகழ்ச்சியை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. பெயரையும் சின்னங்களையும் பயன்படுத்துவதற்குத்தான் இடைக்காலத் தடை விதித்தது. 1984-இல் டென்னசி மாநிலம் இறந்தவரின் பெயரும் உருவமும் வாரிசுகளுக்குச் சொத்தாகச் சேரும் என்று சட்டமே இயற்றியது.

வேடிக்கை என்னவென்றால், எல்விஸ் பெயரைக் காக்கும் நிறுவனமே 2007 முதல் மெம்ஃபிஸில் இத்தகைய பாடகர்களுக்கு அதிகாரபூர்வமான போட்டியை நடத்துகிறது. பல நாடுகளில் நடக்கும் முதற்கட்டத் தேர்வுகளில் ஒன்று பார்க்ஸில் நடக்கிறது. 2022-இல் லாஸ் வேகாஸ் திருமணக் கூடங்களில் எல்விஸ் வேடத்தில் மணம் முடித்து வைப்பவர்களுக்கு உரிமையாளர்கள் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியதும், ஊரே கொதித்ததும், பின்பு உரிமம் பெற்றுக்கொள்ளுங்கள் என்று இறங்கி வந்ததும் தனிக் கதை.

பெரியப்பா, இரவு 8:47
மாப்பிள்ளை, அந்த நீதிபதி எழுதியதை நான் முழுமையாக ஏற்கிறேன். கயல் சொன்ன பாஸ் கலைஞரின் சிரிப்பு ஒன்றுதான் என்னைச் சற்று அசைக்கிறது. ஆனால் என் தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நான் நேசித்த எல்விஸ், கழுகு பொறித்த உடையில் ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னால் நின்றவர் இல்லை. 1954 ஜூலையில் மெம்ஃபிஸின் சன் ஒலிப்பதிவுக் கூடத்தில் சாம் ஃபிலிப்ஸ் பதிவு செய்த அந்தப் பத்தொன்பது வயதுப் பையன்தான் என் எல்விஸ். ஸ்காட்டி மூரின் மின்கித்தார், பில் பிளாக்கின் பாஸ், பையனின் சாதாரண கித்தார். அவ்வளவுதான், டிரம்ஸே கிடையாது. பில் பிளாக் தந்தியை இழுத்துப் பலகையில் அறைந்துவிடும் சத்தமே தாளமாக இருந்தது. அந்த மூன்று பேரின் வெற்றிடத்தில் நின்று பாடுவது, இருபது பேரின் இரைச்சலுக்கு முன்னால் பாடுவதைவிடக் கடினமானது. உங்கள் பார்க்ஸில் அதை யாராவது முயல்கிறார்களா, அல்லது எல்லாருக்கும் வெள்ளை உடை மட்டும் போதுமா?

அருண், இரவு 8:55
டிரம்ஸ் இல்லாத எல்விஸ்தான் சிறந்தவர் என்று குடும்பக் குழுவிலேயே சொல்லிவிட்டீர்கள், பெரியப்பா. பிறகு எல்விஸோடு சேர்ந்த டிரம்ஸ் கலைஞர் டி.ஜே. ஃபொன்டானா சார்பாக என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன்.

கயல், இரவு 9:04
பெரிய மாமா, முயல்கிறார்கள். இருபது வயதை ஒட்டிய பாடகர்களில் பலர் ஐம்பதுகளின் எல்விஸைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய உடம்புக்கும் குரலுக்கும் அதுதான் பொருந்தும். இளைஞர்கள் வேகாஸ் உடையைப் போட்டால் நரைத்த தாடி ஒட்டிய பள்ளி நாடகம்போல இருக்கிறது. பெரிய அரங்குகளில் அவர்களுக்கு இடம் கிடைப்பது குறைவு. மதுக்கூடங்களிலும் பூங்கா மேடையிலும் மூன்று நான்கு பேராகப் பாடுகிறார்கள். 1993-இல் ஓர் உணவகத்தை நடத்திய தம்பதியின் யோசனையில், எல்விஸின் பிறந்தநாளான ஜனவரி 8-ஐ ஒட்டி, ஏறத்தாழ 200 பேரோடு தொடங்கிய விழா இது. 11,000 பேர் வாழும் ஊருக்கு இப்போது ஏறக்குறைய 25,000 பேர் வருவதால் டிக்கெட் உள்ள பெரிய நிகழ்ச்சிகளைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கும் பூங்கா மேடையை நின்று கேட்கப் போன முறை பொறுமை இருக்கவில்லை.

அத்தை, இரவு 9:09
அண்ணா, ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே பூங்காவில் தேவாலயப் பாடல்களை மட்டும் பாடுகிறார்கள். வேடம் போட்டவர்கள் அடக்கமாக நின்று பாடும் நேரம் அது. எனக்கு எல்லாவற்றையும்விட அதுதான் பிடித்தது.

பெரியப்பா, இரவு 9:22
சரி, வருகிறோம். ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. வெள்ளை உடை நிகழ்ச்சி ஒன்றுக்கு மேல் என்னை இழுக்கக் கூடாது. அதுவும் கரோக்கி டிராக் என்றால் நான் எழுந்து போய்விடுவேன். ஐம்பதுகளின் குழு எதுவாக இருந்தாலும், பாஸ் வாசிப்பவர் நிமிர்த்தி வைத்து வாசிக்கும் பெரிய மரப் பாஸைத்தான் கொண்டுவருகிறாரா என்பதை முன்கூட்டியே கேட்டு வை. மின்பாஸ் என்றால் அந்த நேரத்தில் தொலைநோக்கியைப் பார்க்கப் போகிறேன்.

கயல், இரவு 9:26
நிகழ்ச்சி நிரல் வந்ததும் ஒவ்வொரு குழுவுக்கும் எழுதிக் கேட்கிறேன், பெரிய மாமா.

மாமா (சிட்னி), இரவு 9:30
சிட்னி சென்ட்ரலிலிருந்து கிளம்பும் எல்விஸ் ரயிலில் இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஐந்து பேருக்கு இன்றைக்கே கேட்டுப் பார்க்கிறேன். ரயிலிலேயே வேடமிட்டவர்கள் பெட்டி பெட்டியாகப் பாடிக்கொண்டு வருவார்கள். அவர்களிடம் குழுவும் இருக்காது, மரப் பாஸும் இருக்காது என்பதை மச்சான் இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெரியம்மா, இரவு 9:34
ஜன்னல் இருக்கையாகப் பார்த்துக் கேளுங்கள். அவர் மலையைப் பார்த்துக்கொண்டு வருவார். நான் பாட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.