மெல்லிய இசை ஓடும்போது ஆட்டோமேஷன் குறுக்கே புகுகிறது, வழி சொல்லுங்கள்

கல்லூரி வானொலியில் சிறப்பு இசை நிகழ்ச்சி நடத்துபவர்களுக்கு ஒரு கேள்வி. இரவு இரண்டு மணி நேரம் ஆம்பியன்ட், ட்ரோன் இசை மட்டும். சைலன்ஸ் டிடெக்டர் (ஒலி நின்றுபோனதைக் கண்டறியும் கருவி) மைனஸ் 40 டெசிபலுக்குக் கீழே 20 நொடி என்று வைக்கப்பட்டிருக்கிறது. இசை அடங்கி மைனஸ் 45-ல் கொஞ்ச நேரம் நின்றால் போதும், ஒலிபரப்பே நின்றுவிட்டதாக எடுத்துக்கொண்டு ஆட்டோமேஷன் (தானியங்கி ஒலிபரப்பு மென்பொருள்) நிலைய அறிவிப்பைத் தூக்கிப் போடுகிறது. அதுவும் தொண்டை கிழியக் கத்தும் அறிவிப்பு!

வரம்பை மைனஸ் 55-க்கு இறக்கினால் வேறு தொல்லை. டர்ன்டேபிள் ஃபேடர் திறந்திருக்கையில் வரும் ஹம் (மின் இரைச்சல்) மைனஸ் 50-லேயே நிற்கிறது. தட்டு முடிந்து ஊசி சும்மா சுற்றினாலும் டிடெக்டர் அசையாது. எர்த் ஒயரை போனோ ப்ரீஆம்பில் இறுக்கியாயிற்று, ஹெட்ஷெல் பின்களையும் துடைத்தாயிற்று. நேரத்தை 60 நொடியாக்கலாம்தான், ஆனால் பகல் நிகழ்ச்சிகளில் அவ்வளவு நேரம் வெறுமையாகப் போகவிட முடியாது. டிடெக்டரை பிராசஸருக்குப் பின்னால் மாட்டும் யோசனை வேண்டாம்: அதிலுள்ள ஏஜிசி (ஒலி அளவைத் தானாக ஏற்றி இறக்கும் பகுதி) மெல்லிய இசையோடு ஹம்மையும் சேர்த்தே ஏற்றிவிடும்.

அட்டவணைப்படி வரம்பும் நேரமும் தானாக மாறும்படி யாராவது அமைத்திருக்கிறீர்களா? கன்சோல் பட்டனை ஜிபிஐ (பட்டன் அழுத்தியதை மற்ற கருவிக்குத் தெரிவிக்கும் இணைப்பு) வழியாக இணைத்து டிடெக்டரை நிறுத்தி வைப்பவர்கள், நிகழ்ச்சி முடிந்ததும் அது தானே விழித்துக்கொள்ள என்ன செய்கிறீர்கள்? டைமர் ரிலேயா, ஆட்டோமேஷன் கட்டளையா?